தலைமாட்டில் மூன்று வரி

1. மூன்று வகை 'இல்லை'

நிதி திரட்டுவதற்கு இப்போது பட்டப்படிப்பே இருக்கிறதாம். பேத்தி சொன்னாள். நான் அந்த வேலையில் சேர்ந்த ஐம்பதுகளின் கடைசியில் ஒரு தகர டின், ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு ஜோடி நல்ல செருப்பு இருந்தால் போதும். அந்தச் செருப்பையும் நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் இல்லம் தாம்சன் ரோட்டுப் பக்கம் ஒரு பழைய பங்களாவில் இருந்தது. காசநோய் வந்து, ஆஸ்பத்திரியில் பார்த்து முடித்து, போக இடமில்லாமல் நின்ற நம் ஆட்களுக்காக நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்தது. எல்லோரும் ஒண்டிக்கட்டைகள். ரோடு போட்டவர்கள், சாக்கடை வாரியவர்கள், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள். சிலர் தேறிப் போவார்கள், சிலர் தேற மாட்டார்கள். நான் அங்கே டைப்பிஸ்டாகப் போனவள். ஒரு வருஷத்தில் தலைவர் என்னைக் கூப்பிட்டு, இனிமேல் நிதி வசூல் உன் பொறுப்பு என்றார். அவர் வக்கீல். யாரிடமும் பணிந்து பேசிப் பழக்கமில்லாதவர், அதனால் இந்த வேலை என் தலையில் விழுந்தது.

"சரோஜா, கேக்கறதுக்கு வெட்கப்படாத. பிச்சை மாதிரி கேட்டா பிச்சைதான் போடுவாங்க. உரிமையா கேளு," என்றார்.

உரிமையாகத்தான் கேட்டேன். சிராங்கூன் ரோட்டில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினேன். தேக்கா மார்க்கெட்டில் மீன் வெட்டுகிறவர்கள் ஈரக் கையோடு சில்லறை போட்டார்கள். பெரிய கடைகளில் கிடைத்தது பேச்சுதான். அங்கே 'இல்லை' மூன்று வகை. "முதலாளி இல்லம்மா" என்பது முதல் வகை. "நாளைக்கு வாங்க" என்பது இரண்டாவது. "பாப்போம்மா" என்பது மூன்றாவது. முதல் இரண்டிலும் கொஞ்சம் உயிர் இருக்கும், திரும்பப் போகலாம். 'பாப்போம்' என்று ஒருவர் சொல்லிவிட்டால் செருப்பைத் தேய்க்காமல் வீட்டுக்கு வந்துவிடலாம்.

2. உபயம்

கோயிலுக்கு ஒரு டியூப் லைட்டு கொடுத்தால்கூட அதன் மேலேயே முழ நீளத்துக்குப் பெயர் எழுதிக்கொள்கிறவர்கள் நம் ஆட்கள். பெயர் போக மிச்சமிருக்கிற இடத்தில் வெளிச்சம் வந்தால் போதும். ஒரு வெள்ளிக்கிழமை அந்த லைட்டுக்குக் கீழே நின்றபோதுதான் எனக்குக் கட்டில் யோசனை வந்தது.

ஒரு இரும்புக் கட்டில், மெத்தை, அதில் படுக்கிறவருக்கு ஒரு வருஷச் சாப்பாடு. இதற்கான தொகையைக் கொடுப்பவர் பெயர் கட்டிலின் தலைமாட்டில் ஒரு தகட்டில் இருக்கும். மூன்று வரி. முதல் வரியில் 'உபயம்', இரண்டாவதில் பெயர், மூன்றாவதில் கடை அல்லது ஊர். ஜாலான் புசாரில் கடைப் பலகை எழுதும் ஆ செங் என்ற சீனர் எழுதித் தந்தார். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துகூடத் தெரியாது. நான் காகிதத்தில் பெரிதாக எழுதிக் கொடுப்பேன், அவர் பூ வரைகிற மாதிரி அதைப் பார்த்து வரைவார். தமிழ் தெரிந்த பெயிண்டர்களைவிடப் பிழை குறைவு.

யோசனை பிய்த்துக்கொண்டு போனது. முன்பு நாளைக்கு வரச் சொன்னவர்கள் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். கட்டில் வந்து இறங்கும்போது மாலை, சந்தனம், போட்டோ எல்லாம் உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் பங்களா நிறைந்து, பக்கத்தில் கொட்டகை போட்டு, அதுவும் நிறைந்தது. தலைவர் கூட்டத்துக்குக் கூட்டம் என்னைப் புகழ்ந்தார். எனக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

ஒரே ஒருவர் மட்டும் பெயர் வேண்டாம் என்றார். இரும்புக்கடை வைத்திருந்த ராவுத்தர். "பேரெல்லாம் எதுக்கும்மா? குடுத்தது அல்லாவுக்குத் தெரியும்ல, அது போதும்," என்றார். அவர் கொடுத்த கட்டில் மட்டும் மொட்டையாக நின்றது. கண்ணுக்கு லட்சணமாக இல்லை என்று அதைப் பின்வராந்தாவில் போட்டுவைத்தோம்.

3. பின்வராந்தா

எங்கள் இல்லத்தில் ஆட்கள் சாவார்கள். தெரிந்ததுதான். ஆனால் சாகிறவர் ஏதோ ஒரு கட்டிலில்தான் சாவார், அந்தக் கட்டிலில் உயிரோடு இருக்கும் ஒருவர் பெயர் இருக்கும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நல்ல நேரம் பார்த்துக் கட்டில் இறக்கிய கூட்டம் அது. ராகுகாலத்தில் ரசீதுகூடப் போடமாட்டோம்.

முதலில் வந்து கத்தியவர் ஒரு மளிகைக்கடைக்காரர். "எம் பேர் எழுதின கட்டில்ல பொணம் கிடந்துச்சாமே? நான் இன்னும் உசிரோடதானேம்மா இருக்கேன்? எங்கம்மா ரெண்டு நாளா சாப்பிடல லா!" என்றார். சமாதானம் சொன்னேன். கேட்கவில்லை. தகட்டைத் தானே திருகிக் கழற்றி, தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். செய்தி சிராங்கூன் ரோட்டில் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. அடுத்தடுத்து ஆள் வந்தது.

தலைவர் கூட்டம் போட்டார். அதிக நேரம் ஆகவில்லை. "டாக்டர் கையை விரிச்சிட்டா, ஆளைப் பின்னால இருக்கற கட்டிலுக்கு மாத்திடுங்க. அதுல யார் பேரும் இல்ல. யாருக்கும் வருத்தமில்ல," என்றார். நன்கொடையாளர்களுக்கு அப்படியே கடிதம் போனது. டைப் அடித்தவள் நான். கோபம் தணிந்தது, பணம் மறுபடி வந்தது.

படுத்திருந்தவர்கள் வருத்தத்தை யாரும் கேட்கவில்லை. அவர்களில் பலருக்கு எழுத்துத் தெரியாதே தவிர, கண் தெரியும். இரண்டு பேர் பின்வராந்தாவுக்குப் போய்த் திரும்பாததைப் பார்த்ததும் கணக்குப் புரிந்துவிட்டது. டாக்டர் வரும் நாளில் வார்டே அமைதியாகிவிடும். ஒருவர் இருமல் வெளியே கேட்கக்கூடாதென்று தலையணையைக் கடித்துக்கொண்டு கிடப்பார். நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் எழுந்து உட்காரவே முடியாத நிலையில், தலையை வாரிப் பவுடர் போட்டுக்கொண்டு டாக்டருக்குக் காத்திருந்தார். ராவுத்தர் பெயர் வேண்டாம் என்று கொடுத்த கட்டில், எல்லோரும் பார்க்கப் பயப்படும் கட்டிலாகிவிட்டது. அவருக்கு நாங்கள் அதைச் சொல்லவே இல்லை.

எனக்கு அந்த வராந்தாப் பக்கம் போகப் பிடிக்காது. சாப்பாடு வாங்கப் போகும்போதுகூடச் சுற்றிக்கொண்டு போவேன்.

4. முத்தையா

முத்தையா ஜன்னலோரக் கட்டில்காரர். தார் ரோடு போட்டவர். நெஞ்சு தாரும் புகையும் தின்றே போயிருந்தது. அதிகம் பேசமாட்டார். தினமும் காலையில் முகம் கழுவியதும் ஈரத் துண்டால் தலைமாட்டுத் தகட்டைத் துடைப்பார். ஓர் எழுத்து உரிந்திருந்தால் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, பெயிண்ட் போயிடுச்சு, பாக்கக் கூடாதா?" என்பார். சுத்தக்காரர் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தத் தகட்டில் இருந்தது சோமசுந்தரம் முதலாளியின் பெயர். சிராங்கூன் ரோட்டில் பெரிய ஜவுளிக்கடை அவருடையது. அந்த வருஷம் அவர் எங்களுக்குப் பெண்கள் வார்டு கட்டித் தருவதாகச் சொல்லியிருந்தார். அதுவரை இல்லத்தில் பெண்களுக்கு இடமே கிடையாது. நோயோடு வரும் பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம். வார்டு வேண்டும் என்று ஒன்றரை வருஷம் அவர் கடைக்கு நடந்தவள் நான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரும் அவர் மனைவியும் அஸ்திவாரம் போட வருவதாக முடிவானது.

அதே வாரம் டாக்டர் முத்தையாவைப் பார்த்துக் கையை விரித்தார்.

தலைவர் போன் செய்தார். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அவரைப் பின்னால மாத்திடு சரோஜா. முதலாளிக்கே நெஞ்சு வலி வந்து இப்பத்தான் எழுந்திருக்கார். அந்தம்மா வேற பயந்து போயிருக்கு. அவர் கட்டில்ல ஏதாவது ஆச்சுன்னா வார்டு அவ்வளவுதான்."

எங்கள் டிரெஸ்ஸர் அந்தோணிதான் நோயாளிகளுக்கு ஊசி போடுவது, கட்டுக் கட்டுவது, கட்டில் மாற்றுவது எல்லாம். அவரிடம் சொன்னேன். "அக்கா, இந்த ஆளை மட்டும் மாத்த என்னால ஆகாது. நீங்களே வந்து சொல்லுங்க," என்றார்.

போனேன். அந்தோணியும் கூட வந்தார். முத்தையாவிடம், பின்னால் காற்று நன்றாக வரும், அங்கே படுக்கலாம் என்றேன்.

"அங்க போனவங்க யாரும் வரலியேம்மா."

"அப்படியெல்லாம் இல்லைங்க ஐயா."

"அவங்கல்லாம் போனாங்க, அது அவங்க இஷ்டம். நான் எப்படிம்மா போறது? எம் பேர் இங்கல்ல இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. அவர் கையைத் தூக்கித் தலைக்கு மேலே தகட்டைத் தொட்டார். ஒவ்வொரு வரியாக விரலை வைத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "முத்தையா. கருப்பன் மகன். கீழப்பட்டி."

'உபயம்' என்ற வரியில் அவர் பெயர். சோமசுந்தரம் முதலாளி பெயரின் மேல் அவர் அப்பா பெயர். ஜவுளி வணிகம், சிராங்கூன் ரோடு என்று இருந்த இடத்தில் அவர் ஊர்.

"முப்பது வருசமா எனக்கு நம்பர்தாம்மா. பித்தளை வில்லையில குத்தி இடுப்புல கட்டியிருப்போம். வேலை வாங்கற மண்டோர் நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவான், சம்பளமும் நம்பருக்குத்தான். இங்க வந்த அன்னிக்கு இந்தத் தம்பி பேரைக் கேட்டுச்சு, நேரா இங்க கொண்டாந்து படுக்க வெச்சுது. பாத்தா, ஏற்கனவே பேரெழுதி வெச்சிருக்கீங்க. அப்பன் பேரோட. ஊர்ப் பேரோட." அவருக்கு மூச்சு வாங்கியது. "எம் பேரை விட்டுட்டு நான் எங்கயும் வரலம்மா. கோவிச்சுக்காதீங்க."

நான் அந்தோணியைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். வெளியே வந்ததும், "உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"வார்டுக்கே தெரியும் லா அக்கா. படிக்கத் தெரிஞ்சவங்க நாலு பேர் இருக்காங்க. யாரும் சொல்லல. எப்படிச் சொல்றது?"

ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எத்தனையோ கூட்டங்களில், பெயர் போட்டால்தான் நம் ஆட்கள் கொடுப்பார்கள் என்று கெட்டிக்காரத்தனமாகப் பேசியிருக்கிறேன். பெயருக்கு ஏங்குகிறவர்கள் கடைக்காரர்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

5. கடையில்

மறுநாள் சோமசுந்தரம் முதலாளி கடைக்குப் போனேன். தலைவரிடம் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

முதலாளி கல்லாவில் உட்காரவில்லை, உள்ளே சாய்வு நாற்காலியில் இருந்தார். இளைத்துப் போயிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி மங்களம் அம்மா மாத்திரை டப்பாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோப்பி வந்தது. நான் சுற்றி வளைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கட்டிலில் இருப்பவர் பிழைக்கமாட்டார், அவர் அந்தப் பெயரைத் தன் பெயர் என்று நம்புகிறார், அவரை அங்கிருந்து எடுக்க எனக்கு மனசு வரவில்லை, நீங்கள்தான் பெரிய மனசு பண்ண வேண்டும் என்றேன்.

முதலாளி கோப்பியைத் தள்ளி வைத்தார். பிறகு, "படிக்கத் தெரியாதவரா?" என்றார்.

"தெரியாதுங்க."

"எம் பேரைத் தொட்டுத் தொட்டு அவர் பேரைச் சொல்றாரா?"

"ஆமாங்க."

மங்களம் அம்மா எழுந்துவிட்டார். "நீங்க நல்லவங்கதான்மா, இல்லேங்கல. ஆனா எனக்கு இவரை விட்டா யாரு இருக்கா? சாகப்போற மனுஷன் தினம் இவர் பேர்மேல கையை வெச்சுத் தன் பேரைச் சொல்றாருன்னா, கேக்கவே பயமா இருக்கு. அந்தப் பேரை இன்னிக்கே எடுத்துடுங்க. அவர் பேரையே எழுதிக் குடுத்துடுங்க. எங்களுக்கு வேணாம்."

அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். புருஷன் உயிருக்குப் பயந்தவர் அப்படித்தான் பேசுவார். ஆனால் அதுவே எனக்கு வேண்டியதாக இருந்தது. முதலாளி முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்தார்.

எழுந்து படி இறங்கும்போது, "ஞாயித்துக்கிழமை வர்றீங்கள்ல?" என்று கேட்டேன்.

"உடம்பு எப்படி இருக்குன்னு தெரியல. வார்டு விஷயம்..." என்று இழுத்த முதலாளி, "பாப்போம்மா," என்றார்.

சிராங்கூன் ரோட்டில் வெயில் கொளுத்தியது. கடைகளை ஒட்டிய ஐந்தடி நடைபாதையில் பூக்கட்டுகிறவர்களுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பிறகு ஜாலான் புசாருக்கு ஆ செங்கைத் தேடி நடந்தேன்.

6. புதுப் பெயிண்ட்

காகிதத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். முதல் வரி முத்தையா. இரண்டாவது கருப்பன் மகன். மூன்றாவது கீழப்பட்டி. ஆ செங் பழைய தகட்டையும் காகிதத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். இது நீளம் குறைவு, எழுத்துக்கூலியும் குறைவு என்று சந்தையில் எல்லோரும் பேசும் பாசார் மலாயில் சொன்னார். அவர் எழுத்தை எண்ணித்தான் கூலி வாங்குவார். நீளம் குறைந்தால் முத்தையாவுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம். பழைய வரிகள் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு எழுத்தை அகலமாக்கச் சொன்னேன். கூலியைப் பழைய கணக்கிலேயே கொடுத்தேன்.

தகட்டை மாட்டும்போது முத்தையா கண்ணை மூடிக் கிடந்தார். திருகாணி சத்தத்தில் விழித்தார்.

"புதுப் பெயிண்டாம்மா?"

"ஆமாங்க. பழசு உரிஞ்சு போச்சுல்ல."

"மூணு வரியும் இருக்கா?"

"இருக்கு. படிச்சுக் காட்டவா?"

"எனக்குத் தெரியாதா?" என்று சிரித்தார். கையைத் தூக்க முடியவில்லை. அந்தோணி அவர் கையைப் பிடித்துத் தகட்டில் வைத்தார். ஒவ்வொரு வரியாகச் சொன்னார். விரலும் வரியும் அன்றைக்குத்தான் ஒன்றாகச் சேர்ந்தன. அந்தோணி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் முத்தையா போய்விட்டார். ஜன்னலோரத்தில், அந்தக் கட்டிலில்தான். ஞாயிற்றுக்கிழமை முதலாளி வரவில்லை. அஸ்திவாரத்துக்கு வெட்டிய குழியில் மழைத்தண்ணீர் நின்றது.

7. கணக்கு

தலைவர் என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. "சாகப்போற ஒரு ஆளுக்காக, பொழைக்கக்கூடிய எத்தனை பொம்பளைங்களை வெளிய நிறுத்திட்ட, யோசிச்சியா?" என்றார்.

பெண்கள் வார்டு வர மேலும் சில வருஷங்கள் ஆயின. அதற்குள் நாங்கள் இன்னும் பலரைத் திருப்பி அனுப்பினோம். ஒரு பெண்ணை அவள் தம்பி மூன்று சக்கர டிரைஷாவில் வைத்துக் கூட்டிவந்தான். பெஞ்சில் உட்காரச் சொன்னேன். "வேணாக்கா, மத்தவங்க உக்கார்ற எடம்," என்று நின்றுகொண்டே இருந்தாள். இடமில்லை என்றதும் கோபிக்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு போய்த் திரும்ப டிரைஷாவில் ஏறினாள். அவள் பெயரை நான் கேட்கவில்லை. முத்தையாவை நினைக்கும்போதெல்லாம் அவளும் கூடவே வந்து நிற்கிறாள். சோமசுந்தரம் முதலாளி பாவம், அதன் பிறகும் பல வருஷம் திடமாகவே இருந்தார். கடைக்குப் போனால் கோப்பி கொடுப்பார். கட்டில் பேச்சு மட்டும் வராது.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் பெரிதாக ஒன்றுமில்லை. பெயரை விற்றுத்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை. சுவரில் போடுங்கள், தரையில் போடுங்கள், வாசலில் கல்லில் வெட்டி வையுங்கள். ஒரு மனுஷன் படுக்கிற இடத்தில் மட்டும் இன்னொருவன் பெயரைப் போடாதீர்கள். அவன் அங்கேதான் பிழைக்கவும் வேண்டும், சாகவும் வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு வார்டு செலவானது.

அடுத்த வருஷம் எல்லாத் தகடுகளையும் கழற்றி வாசல் சுவரில் வரிசையாக மாட்டினோம். கட்டில்களுக்கு நம்பர் போடலாம் என்று தலைவர் சொன்னார். நம்பர் வேண்டாம் என்று நான் சண்டை போட்டேன். அதில் மட்டும் ஜெயித்தேன். ஜன்னலோரத் தகட்டை மட்டும் நான் கழற்றவில்லை. யாரும் கழற்றச் சொல்லவுமில்லை.

அந்தக் கட்டிலுக்கு முத்தையாவுக்குப் பிறகு வந்தவர் எஸ்டேட்டில் கணக்கெழுதிய ஒரு கிராணி. கண்ணாடி போட்டவர், நன்றாகத் தமிழ் படித்தவர். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தகட்டை வாய்விட்டுப் படித்தார்.

"முத்தையா, கருப்பன் மகன், கீழப்பட்டி. யாரும்மா இது? கட்டில் குடுத்தவரா?"

"இது அவரு கட்டிலுங்க."

"என்ன தொழில் பண்ணாரு?"

"ரோடு போட்டவரு."

"ஓ, காண்டிராக்டரா? பெரிய ஆளுதான்," என்றார்.

நான் திருத்தவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, தலைமாட்டைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு மெதுவாக ஏறிப் படுத்துக்கொண்டார்.